கைப்பேசியும் நம் நினைவும்: வாசகர் கேள்விகள்

நினைவாற்றல், கைப்பேசிப் பழக்கம் பற்றிக் கோலாலம்பூர் வாசகர்கள் கேட்டவற்றுக்கு உளவியல் விரிவுரையாளர் ஒருவர் பதிலளிக்கிறார்.

வாடகைக் கார் ஓட்டுநர், செந்தூல்: ஐயா, வழிகாட்டிச் செயலி இல்லாவிட்டால் பிரிக்பீல்ட்ஸ் போகவே தடுமாறுகிறேன். இது மறதி நோயா?

பயப்படாதீர்கள், தம்பி. பேச்சும் பெயர்களும் சேர்ந்து மறந்தால் மருத்துவரைப் பாருங்கள். வழி மட்டும் மறக்கிறது என்றால், அந்த வேலையை மூளைக்கு நீங்கள் கொடுக்கவில்லை என்றே நினைக்கிறேன். லண்டன் டாக்சி ஓட்டுநர்கள் உரிமம் பெற ஏறத்தாழ 25,000 தெருக்களை மனத்தில் ஏற்றியாக வேண்டும். மூளை ஆய்வாளர் எலினோர் மகுவயர் குழுவினர் 2000இல் வெளியிட்ட ஆய்வில், அந்த ஓட்டுநர்களின் ஹிப்போகாம்பஸின் (இடங்களையும் வழிகளையும் நினைவில் வைக்க உதவும் மூளைப் பகுதி) பின்பகுதி மற்றவர்களுடையதைவிடப் பெரிதாக இருந்தது. ஓட்டிய ஆண்டுகள் கூடக் கூட அதுவும் கூடியிருந்தது. 2020இல் வந்த மாண்ட்ரியல் ஆய்வோ மறுபக்கத்தைக் காட்டியது: ஜிபிஎஸ்ஸை அதிகம் பயன்படுத்தியவர்களின் இடநினைவு மூன்றே ஆண்டுகளில் கூடுதலாகத் தேய்ந்திருந்தது. சிலரை மட்டுமே ஆராய்ந்த ஆய்வுதான். ஆனாலும் எனக்குக் கவலையாக இருக்கிறது.

தெரிந்த பகுதிகளில் செயலியின் குரலை அணைத்துவிடுங்கள். புறப்படுமுன் வரைபடத்தை முழுதாகப் பாருங்கள். ஜாலான் ஈப்போவிலிருந்து எங்கே திரும்புவது, ஸ்காட் சாலைக் கந்தசுவாமி கோயில் எந்தப் பக்கம் வரும் என்று வாய்விட்டுச் சொல்லிப் பார்த்துவிட்டு வண்டியை எடுங்கள். நெரிசல் நேரத்தில் செயலியைக் கேட்பதில் தவறே இல்லை.

நான்காம் ஆண்டு மாணவனின் தந்தை, கெப்போங்: கால்குலேட்டர் இருக்கும்போது வாய்ப்பாடு எதற்கு?

வேண்டும். ஏழெட்டு ஐம்பத்தாறு என்பது உடனே வராத பிள்ளை, பின்னக் கணக்கில் பாதி வழியிலேயே களைத்துவிடும்.

ஒரு தாயார், செராஸ்: மகள் ஜொகூரில் படிக்கிறாள். புலனத்தில் (வாட்ஸ்அப்) தினமும் எழுதுகிறாள், அழைப்பதே இல்லை. போதுமா?

போதாது, அம்மா. விஸ்கான்சின் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், மன அழுத்தம் தரும் ஒரு சோதனைக்குப் பிறகு சிறுமிகளைத் தாயுடன் தொடர்புகொள்ளச் செய்தார்கள். நேரிலோ தொலைபேசியிலோ தாயின் குரலைக் கேட்டவர்களுக்கு, பாசத்தோடும் நெருக்கத்தோடும் தொடர்புடைய ஆக்சிடோசின் உயர்ந்தது. அழுத்தத்தைக் காட்டும் கார்டிசோல் தணிந்தது. குறுஞ்செய்தியில் மட்டும் பேசியவர்களுக்கு ஆக்சிடோசின் உயரவில்லை. 2012இல் வந்த முடிவு இது. உங்கள் மகள் வளர்ந்தவள்தான். இருந்தாலும் தேர்வுக்கு முதல் நாள் இரவு அவள் எழுதட்டும் என்று காத்திருக்காமல் நீங்களே அழையுங்கள்.

அதே தாயார்: குரல் பதிவு அனுப்பினால்?

அந்த ஆய்வு அதைச் சோதிக்கவில்லை. பதிவில் நீங்கள் பேசலாம். அவள் விம்மினால் அந்தக் கணமே உங்களுக்குக் கேட்காது. அழைத்துவிடுங்கள்.