அமெரிக்காவின் டென்னசி பல்கலைக்கழகப் பெண்கள் கூடைப்பந்து அணி இவ்வளவு புகழ் பெற்றது எப்படி?

சுருக்கமாகச் சொன்னால், பாட் சம்மிட். 1974-ல் தலைமைப் பயிற்சியாளர் ஆனபோது அவருக்கு வயது 22 தான். சம்பளம் மாதம் 250 டாலர். வீராங்கனைகளின் சீருடையைத் துவைப்பதும், வெளியூர் ஆட்டங்களுக்கு வேன் ஓட்டுவதும் அவரேதான். அந்தச் சீருடைகூட டோனட் விற்ற காசில் வாங்கியது! கல்வி நிலையங்களில் பாலினப் பாகுபாட்டைத் தடுக்கும் சட்டம் 1972-லேயே வந்துவிட்டது. ஆனாலும் பணமும் வசதியும் மெதுவாகத்தான் வந்தன. தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கமே 1982-ல்தான் பெண்களுக்கான கூடைப்பந்துப் போட்டியை முதன்முதலாக நடத்தியது.

அப்புறம் வெற்றிகள் குவிந்தன. 1987-ல் முதல் தேசிய சாம்பியன் பட்டம், 2008-ல் எட்டாவது. இவற்றில் 1996 முதல் 1998 வரை தொடர்ந்து மூன்று. என்னைக் கேட்டால் 1997-98 அணிதான் உச்சம்: 39 ஆட்டம், ஒன்றில்கூடத் தோல்வி இல்லை. நட்சத்திர வீராங்கனை சமிக்கா ஹோல்ட்ஸ்க்ளா ஆடிய அணி அது.

பட்டங்களைவிட எனக்குப் பெரிதாகப் படுவது வேறொன்று. கல்லூரி அணியில் ஆட அனுமதிக்கப்பட்ட காலம் முழுவதும் சம்மிட்டிடம் ஆடிய எல்லா வீராங்கனைகளும் பட்டப்படிப்பை முடித்தார்கள். 2011-ல் அல்சைமர் நோய் இருப்பதை வெளிப்படையாக அறிவித்துவிட்டு இன்னொரு பருவமும் அணியுடன் இருந்தார். 2012-ல் 1,098 வெற்றிகளோடு விலகினார். நீண்டகால உதவிப் பயிற்சியாளர் ஹாலி வார்லிக் பொறுப்பேற்றார்.