பழைய வண்டிக்கு செகண்ட் ஹேண்ட் இன்ஜின் போடலாமா?

வடசென்னைப் பக்கமிருந்து வந்திருக்கும் கடிதங்கள் ஏறக்குறைய ஒரே விஷயத்தைத்தான் கேட்கின்றன. அதனால் மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு இந்த முறை இதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

சார், என்னிடம் இருப்பது 2008 மாருதி 800, எம்.பி.எஃப்.ஐ. (கார்புரேட்டர் இல்லாமல் பெட்ரோலைப் பீய்ச்சும் வகை). அப்பா வாங்கிய வண்டி. எண்ணூர் எக்ஸ்பிரஸ் சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவில் மாட்டிக்கொண்டபோது ஹீட் முள் சிவப்புக்குப் போய்விட்டது. ஓரங்கட்ட இடமில்லை, அப்படியே ஓட்டினேன், கொஞ்ச தூரத்தில் நின்றுவிட்டது. இப்போது ஸ்டார்ட் ஆகிறது, ஆனால் வெள்ளைப் புகை வருகிறது, இழுவை இல்லை, ரேடியேட்டரில் தண்ணீர் தினமும் குறைகிறது. மெக்கானிக் "இன்ஜின் முடிஞ்சுபோச்சு, புதுப்பேட்டை பழைய உதிரிபாகச் சந்தையில வேற இன்ஜின் எடுத்துப் போட்டுடலாம், இன்ஜின் மட்டும் 18 ஆயிரம்" என்கிறார். என் கையில் மொத்தமே 35 ஆயிரம்தான். மாற்றிவிடலாமா? – தண்டையார்பேட்டை வாசகர்

அவசரப்படாதீர்கள். நீங்கள் சொல்லும் மூன்று அடையாளங்களும் முதலில் ஹெட் கேஸ்கெட்டைத்தான் காட்டுகின்றன. 800-இன் பிளாக் (சிலிண்டர்கள் இருக்கும் கீழ்ப்பகுதி) வார்ப்பிரும்பு, மேலே இருக்கும் ஹெட் அலுமினியம். அதிகமாகச் சூடானால் அலுமினியம்தான் முதலில் வளையும், நடுவில் இருக்கும் கேஸ்கெட் கிழியும், தண்ணீர் சிலிண்டருக்குள் போய் ஆவியாகிப் புகைக்குழாய் வழியாக வெள்ளையாக வெளியே வரும். ஹெட்டைக் கழற்றி லேத்தில் கொடுத்து, விரிசல் இருக்கிறதா என்று பார்த்து, ஃபேஸிங் போட்டு (வளைந்த முகத்தைச் சமமாக்கி), வால்வு உரசி, புது கேஸ்கெட் வைத்துப் பூட்டினாலே சரியாகிவிடும் வண்டிகள் நிறைய உண்டு. ஹெட்டைத் திறந்தே பார்க்காமல் "இன்ஜின் முடிஞ்சுபோச்சு" என்று ஒருவர் சொன்னால் இன்னொரு மெக்கானிக்கிடமும் காட்டுங்கள்.

ஹெட்டைத் தொடுவதற்கு முன்பே கம்ப்ரஷன் பார்க்கச் சொல்லுங்கள். மூன்று பிளக்கையும் கழற்றிவிட்டு, ஆக்ஸிலரேட்டரை முழுதாக மிதித்துக்கொண்டு செல்ஃப் அடித்தால் ஒவ்வொரு சிலிண்டரின் அழுத்தமும் மீட்டரில் தெரியும். குறைவாகக் காட்டும் சிலிண்டரில் ஒரு ஸ்பூன் இன்ஜின் ஆயில் விட்டு மறுபடி அடித்துப் பாருங்கள். அளவு ஏறினால் பிஸ்டன் ரிங் அல்லது சிலிண்டர் தேய்ந்திருக்கிறது. ஏறவே இல்லை என்றால் கோளாறு மேலே, வால்விலோ கேஸ்கெட்டிலோ. அதிக நேரம் பிடிக்காத இந்தச் சோதனையை வைத்துத்தான் உங்கள் 35 ஆயிரம் எங்கே போக வேண்டும் என்று முடிவு செய்ய வேண்டும்.

ரிங்கும் போயிருந்தால்கூட உங்கள் பிளாக்கையே ரீபோர் அடித்து (சிலிண்டரைக் கொஞ்சம் பெரிதாகக் கடைந்து), ஓவர்சைஸ் பிஸ்டன், ரிங், பேரிங் போட்டுத் திரும்பக் கட்டலாம். நான் இந்தப் பக்கம்தான் சாய்வேன், காரணம் இருக்கிறது. உள்ளே என்ன இருக்கிறது என்பது உங்களுக்குத் தெரியும், பிளாக்கில் இருக்கும் நம்பர் அப்படியே இருக்கும், ஆர்.டி.ஓ. பக்கமே போக வேண்டியதில்லை. பிளாக் வெடித்திருந்தாலோ, கனெக்டிங் ராடு உடைந்து பக்கவாட்டைக் கிழித்திருந்தாலோ, கிராங்க் கிரைண்டிங்குக்கும் தாங்காது என்று லேத்காரர் சொன்னாலோ அப்போது வேறு இன்ஜினைப் பற்றி யோசிப்போம்.

எந்த வழியில் போனாலும், முதலில் ஏன் சூடானது என்று கண்டுபிடியுங்கள். கடிதத்தின் கடைசியில் "வீட்டு போர் தண்ணீரைத்தான் ரேடியேட்டரில் ஊற்றுவேன்" என்று எழுதியிருக்கிறீர்கள். கடலோரமாக இருக்கும் வடசென்னையில் நிலத்தடி நீரில் உப்பு ஏறிக் கிடப்பது உங்களுக்கே தெரியும். அந்த உப்பு ரேடியேட்டர் குழாய்களிலும் பிளாக்கின் தண்ணீர்ப் பாதையிலும் படிந்து அடைத்துக்கொண்டே வரும். அதே ரேடியேட்டரோடு இன்னொரு இன்ஜினைப் பூட்டினால் அதுவும் இதே மாதிரிதான் சாகும். ரேடியேட்டர், தெர்மோஸ்டாட், ஃபேன், ஃபேன் சுவிட்ச், வாட்டர் பம்ப் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, கூலன்ட்டை டிஸ்டில்டு வாட்டரில் டப்பாவில் போட்டிருக்கும் அளவுக்குக் கலந்து ஊற்றுங்கள்.

கடைசியில் மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால், மொத்தப் பணத்தில் பாதிக்கு மேல் இன்ஜினுக்குக் கொடுக்காதீர்கள். உங்களிடம் சொன்ன 18 ஆயிரம் ஏற்கெனவே அந்தக் கோட்டைத் தாண்டுகிறது. மீதியில் கூலி, கிளட்ச் பிளேட், ரிலீஸ் பேரிங், டைமிங் பெல்ட், முன்னும் பின்னும் கிராங்க் ஆயில் சீல், இன்ஜின் மவுன்டிங் ரப்பர், ஹோஸ்கள், ஆயில், கூலன்ட் என்று வரிசையாக நிற்கும். இன்ஜின் கீழே இருக்கும்போதே இதையெல்லாம் மாற்றிவிட வேண்டும். சில நூறு ரூபாய் ஆயில் சீலை விட்டுவிட்டு, பூட்டிய மறுவாரம் கிளட்சில் ஆயில் ஒழுகுகிறது என்று மறுபடி எல்லாவற்றையும் இறக்கினால் கூலி இரண்டு முறை போகும். கைப்பணம் குறைவாக இருப்பவர்கள் தோற்பது பெரும்பாலும் அந்த இரண்டாவது கூலியில்தான்.

புதுப்பேட்டையில் இன்ஜின் வாங்கப் போகிறேன், சார். தரையில் கிடக்கும் இன்ஜினை வெளியிலிருந்து பார்த்து நல்லதா கெட்டதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? – வியாசர்பாடி வாசகர்

முடிந்தால் வண்டியிலேயே இருக்கும் இன்ஜினாகப் பாருங்கள், அதாவது உடைப்பதற்காக வந்து இன்னும் உடைக்காத வண்டி. ஓட்டிக் கேட்டுவிட்டு வாங்கலாம். அது கிடைக்காவிட்டால் கியர்பாக்ஸோடு சேர்ந்து கிடப்பதைக் கேளுங்கள். செல்ஃப் மோட்டார் கியர்பாக்ஸ் ஹவுசிங்கில்தான் உட்காரும் என்பதால், ஒரு பேட்டரியும் இரண்டு கேபிளும் இருந்தால் தரையில் வைத்தே சுற்றி கம்ப்ரஷன் பார்க்கலாம். மூன்று சிலிண்டரும் கிட்டத்தட்ட ஒரே அளவு காட்ட வேண்டும். ஒன்று மட்டும் பத்து, பதினைந்து சதவீதத்துக்கு மேல் இறங்கியிருந்தால் வேண்டாம். மீட்டர் வைக்கவே விடமாட்டேன் என்று கடைக்காரர் சொன்னால், அங்கே நிற்காதீர்கள், பக்கத்துக் கடைக்குப் போங்கள்.

அப்புறம் கண்ணால் பார்க்க வேண்டியது. ஆயில் மூடியைத் திறந்து உள்ளே கருப்புக் களிம்பு தடிமனாக இருக்கிறதா, பால் காப்பி மாதிரி வெளுத்த பசை இருக்கிறதா என்று பாருங்கள். களிம்பு என்றால் ஆயிலே மாற்றாமல் ஓட்டியிருக்கிறார்கள், வெளுத்த பசை என்றால் ஆயிலில் தண்ணீர் கலந்திருக்கிறது. பிளக்குகள் அதோடு வந்தவையா என்று கேட்டு ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். வெளிர் பழுப்பு நல்லது, எண்ணெய் ஒட்டிய கருப்பு ஆகாது, மற்ற இரண்டும் அழுக்காக இருக்க ஒன்று மட்டும் கழுவிவிட்ட மாதிரி சுத்தமாக இருந்தால் அந்தச் சிலிண்டருக்குள் தண்ணீர் போயிருக்கிறது என்று சந்தேகப்பட வேண்டும். கிராங்க் புல்லியைப் பிடித்து முன்னும் பின்னும் இழுத்துப் பாருங்கள், கையில் தெரிகிற அளவுக்கு ஆடினால் கழித்துவிடுங்கள். சம்ப்பின் (அடியில் ஆயில் தேங்கும் தட்டு) டிரெயின் போல்ட்டைக் கழற்றிக் கொஞ்சம் ஆயிலை விரலில் தேய்த்து வெயிலில் காட்டுங்கள். மின்னினால் பேரிங் கரைந்து வந்திருக்கிறது.

சென்னையில் இன்னொன்றையும் கட்டாயம் பார்க்க வேண்டும். 2015 டிசம்பர் மழையிலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் மூழ்கிய வண்டிகளுக்குக் கணக்கில்லை, அப்படி மூழ்கியவற்றில் பல கடைசியில் உடைப்புக்குத்தான் வரும். மூழ்கிய இன்ஜினை ஸ்டார்ட் செய்திருந்தால் சிலிண்டருக்குள் போன தண்ணீரை அழுத்த முடியாமல் கனெக்டிங் ராடு லேசாக வளைந்திருக்கலாம், வெளியே ஒரு அடையாளமும் இருக்காது. டைமிங் கவருக்குள்ளே, ஆல்டர்னேட்டரின் காற்றுத் துளைகளில், வயரிங் கனெக்டரின் உள்ளே சேற்றுப் பொடி ஒட்டியிருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். வெளியே வாட்டர் வாஷ் போட்டு பளபளவென்று வைத்திருப்பார்கள், இந்த இடங்களை யாரும் கழுவுவதில்லை.

ஆம்னி இன்ஜின் மலிவாகக் கிடைக்கிறது, "800-ம் ஆம்னியும் ஒரே இன்ஜின்தான்" என்கிறார்கள். போடலாமா சார்? – பெரம்பூர் வாசகர்

இரண்டும் 796 சிசி, மூன்று சிலிண்டர், ஒரே குடும்பம்தான். ஆனால் 800-இல் இன்ஜின் முன்னால் குறுக்காக உட்கார்ந்து முன் சக்கரத்தைச் சுற்றும், ஆம்னியில் சீட்டுக்கு அடியில் நீளவாக்கில் இருந்து பின் சக்கரத்தைச் சுற்றும். அதனால் சம்ப், மவுன்டிங், மேனிஃபோல்டு என்று ஒவ்வொன்றாக உங்கள் பழைய இன்ஜினிலிருந்து எடுத்து மாற்ற வேண்டிவரும். உள்பாகங்களுக்காக வாங்கலாம், அப்படியே தூக்கிப் பூட்ட வாங்காதீர்கள். ஆல்டோ 800 இன்ஜினும் 796 சிசிதான், ஆனால் ஹெட்டில் 12 வால்வு, இ.சி.எம். (இன்ஜினை நடத்தும் கணினி) வேறு, வயரிங் வேறு. கார்புரேட்டர் வண்டிக்கு எம்.பி.எஃப்.ஐ. இன்ஜின் போடுவதாக இருந்தால் டேங்குக்குள் மின்சார பெட்ரோல் பம்ப், சென்சார்கள், முழு வயரிங் என்று செலவு நீண்டுகொண்டே போகும். கைப்பணம் குறைவு என்றால் அதே மாடல், அதே வருடத்தை ஒட்டிய இன்ஜினைத் தவிர வேறு எதையும் தொடாதீர்கள். மலிவு இன்ஜின் கடைசியில் அதைவிட அதிகமாக இழுத்துவிடும்.

இன்ஜின் மாற்றியாகிவிட்டது. ஆர்.சி.யில் பழைய நம்பர்தான் இருக்கிறது. "யாரும் பார்க்கமாட்டாங்க, வேணும்னா பழைய நம்பரையே இதுல பஞ்ச் அடிச்சுக்கலாம்" என்கிறார் ஒருவர். – ராயபுரம் வாசகர்

பஞ்ச் அடிக்கவே கூடாது. நம்பரை ராவி மாற்றினால் வண்டியைத் திருட்டு வண்டியாகப் பார்ப்பார்கள், அதிலிருந்து வெளியே வருவது சாதாரண வேலை இல்லை. மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆவது பிரிவின்படி ஆர்.சி.யில் இருக்கும் விவரத்துக்கும் வண்டிக்கும் வித்தியாசம் வரக் கூடாது. இன்ஜின் மாற்றுவதற்கு முன்பே ஆர்.டி.ஓ. அனுமதி வாங்கியிருக்க வேண்டும். 2019 திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவில், அனுமதியில்லாத மாற்றத்துக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் உண்டு.

உடனே உங்கள் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குப் போய் நடந்ததைச் சொல்லுங்கள். கையில் இன்ஜின் வாங்கிய பில் வேண்டும், அதில் இன்ஜின் நம்பரும், அது எந்த வண்டியிலிருந்து வந்தது என்பதும் இருக்க வேண்டும், அந்த வண்டியின் ஆர்.சி. நகல் கிடைத்தால் ரொம்ப நல்லது. பில் தராத கடையில் பாதி விலைக்குக் கொடுத்தாலும் இன்ஜின் வாங்காதீர்கள் என்று மற்ற வாசகர்களுக்கும் சொல்லிக்கொள்கிறேன். ஆர்.சி.யில் நம்பர் மாறியதும் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கும் எழுதிக் கொடுத்து பாலிசியில் மாற்றுங்கள். விபத்து நடந்து சர்வேயர் வந்து நிற்கும்போது முதலில் பார்ப்பது சேசிஸ் நம்பரும் இன்ஜின் நம்பரும்தான்.

பெட்ரோல் அம்பாசடரில் விசைப்படகிலிருந்து கழற்றிய சின்ன டீசல் இன்ஜினைப் போடலாமா? – காசிமேடு வாசகர்

வேண்டாம். படகு இன்ஜின் ஒரே வேகத்தில் மணிக்கணக்கில் ஓடுவதற்குச் செய்தது, குளிர்விக்கும் அமைப்பும் ரோட்டு வண்டிக்கு ஏற்றதில்லை. எரிபொருளை மாற்றுவதற்கு அனுமதி வாங்குவதும் தனிப் பாடு.

இன்ஜினை ஏற்றியாகிவிட்டது, நாளைக்கு ஸ்டார்ட் செய்யப் போகிறோம். என்ன கவனிக்க வேண்டும்? – திருவொற்றியூர் வாசகர்

புது ஆயில், புது ஃபில்டர் போட்டுவிட்டுத்தான் சாவியைத் திருப்ப வேண்டும். பெட்ரோல் பம்ப் ஃபியூஸையும் இக்னிஷன் காயில் கனெக்டரையும் கழற்றிவிட்டு, ஆயில் விளக்கு அணையும் வரை கொஞ்சம் கொஞ்சமாக விட்டு விட்டு செல்ஃப் அடியுங்கள், அதற்குள் ஆயில் எல்லா இடத்துக்கும் ஏறியிருக்கும். இன்ஜினிலிருந்து பாடிக்குப் போகும் எர்த் கேபிளைப் பூட்டினார்களா என்று நீங்களே பாருங்கள். நிறைய இடத்தில் மறந்துவிடுகிறார்கள், அப்போது கரன்ட் கிளட்ச் கேபிள் வழியாகவும் ஆக்ஸிலரேட்டர் கேபிள் வழியாகவும் போய் அவை சூடாகி வீணாகும். ஸ்டார்ட் ஆனதும் ரேடியேட்டர் மூடியைத் திறந்தே வைத்து, மேல் ஹோஸ் சூடாகும் வரை ஓடவிட்டு, காற்றுக் குமிழி நிற்கும்வரை கூலன்ட்டை நிரப்பி மூடுங்கள். ஃபேன் தானாகச் சுற்றி நிற்பதைப் பார்த்த பிறகுதான் வண்டியை ரோட்டில் எடுக்க வேண்டும். முதல் சில நாள் பக்கத்துத் தெருக்களிலேயே ஓட்டுங்கள், தினமும் காலையில் வண்டிக்கு அடியில் தரையைப் பாருங்கள், ஐந்நூறு கிலோமீட்டரில் ஆயிலையும் ஃபில்டரையும் மறுபடி மாற்றுங்கள், பழைய ஃபில்டரை வெட்டி உள்ளே இரும்புத் துகள் இருக்கிறதா என்று மெக்கானிக்கைக் காட்டச் சொல்லுங்கள். அதுவரை கன்டெய்னர் லாரி வரிசையில் போய் நிற்காதீர்கள்.