சபோனிஸ்: 1995க்கு முந்தைய கணக்கு

அன்புள்ள ஆசிரியருக்கு,

கூடைப்பந்தின் தலைசிறந்த சென்டர்களில் (கூடையருகே ஆடும் நெட்டை வீரர்களில்) ஒருவர் என்று அர்விதாஸ் சபோனிஸைப் பற்றி எழுதியிருந்தீர்கள். எண்களை எடுத்துப் பார்த்தேன். அமெரிக்கத் தொழில்முறை லீக்கான என்பிஏவில் ஏழு பருவங்கள், ஆட்டத்துக்குச் சராசரியாக 12 புள்ளிகள், 7.3 ரீபவுண்டுகள் (கூடையில் விழாமல் திரும்பும் பந்தைப் பிடிப்பது). பருவத்தின் சிறந்த வீரர்கள் ஆடும் ஆல்-ஸ்டார் அணியில் ஒருமுறைகூட இல்லை; பட்டமும் இல்லை. 'இளமையில் வந்திருந்தால்' என்ற ஏக்கத்துக்காகவே 2011ல் அவரைக் கூடைப்பந்துச் சாதனையாளர்களுக்கான ஹால் ஆஃப் ஃபேமில் சேர்த்தார்கள் என்று தோன்றுகிறது. நடக்காத ஒன்றுக்கு இத்தனை புகழ் தேவையா?

ரா.

அன்புள்ள ரா.,

உங்கள் எண்கள் சரியானவை. ஆனால் கணக்கை, அவர் என்பிஏவுக்கு வந்த 1995லிருந்து தொடங்கியிருக்கிறீர்கள். அதற்கு முன்னால் பதினான்கு ஆண்டுகள் அவர் ஆடியிருக்கிறார். அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டில் இருக்கும் அந்த ஹால் ஆஃப் ஃபேம் என்பிஏவுக்கு மட்டும் உரியதல்ல. பிரேசிலின் ஆஸ்கர் ஷ்மிட் என்பிஏவில் ஒரு நிமிடம்கூட ஆடியதில்லை. அவரையும் 2013ல் சேர்த்தார்கள்.

சபோனிஸ் பிறந்தது 1964ல், லித்துவேனியாவின் கௌனஸ் நகரில். அன்று அது சோவியத் ஒன்றியத்துக்குள் இருந்தது. அந்த ஊர் அணியின் பெயர் ஜால்கிரிஸ். 1410ல் ஜெர்மானிய மதவீரர் படையை லித்துவேனியரும் போலந்துக்காரர்களும் தோற்கடித்த போரின் பெயர் அது. அந்தப் பெயரைச் சுமந்த அணி, மாஸ்கோவின் ராணுவ அணியான சிஎஸ்கேஏவை வீழ்த்தி 1985, 1986, 1987 என்று தொடர்ந்து மூன்று முறை சோவியத் பட்டத்தை வென்றது. சொந்தக் கொடியை ஏற்ற முடியாத ஊரில் அந்த வெற்றிகள் எப்படிக் கொண்டாடப்பட்டிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அந்த அணியின் நடுவில் நின்றவர், இருபதைத் தாண்டியிருந்த ஏழேகால் அடி இளைஞர். அப்போதைய பதிவுகளில் அவர் ஓடுவார், தாவுவார், ரீபவுண்ட் எடுத்த கையோடு பந்தைத் தானே தட்டிக்கொண்டு மறுமுனைக்குப் போவார்.

1986ல், என்பிஏ அணிகள் புதிய வீரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வில், போர்ட்லண்ட் டிரெயில் பிளேசர்ஸ் அணி அவரை 24வது தேர்வாக எடுத்தது. சோவியத் அரசு விடவில்லை. அடுத்த ஆண்டு குதிகால் தசைநாண் கிழிந்தது. எனக்கு ஆற்றாமை வருவது இந்த இடத்தில்தான். சிகிச்சைக்காக 1988ல் போர்ட்லண்டுக்குப் போனவர், கால் முழுதாகத் தேறும் முன்பே சியோல் ஒலிம்பிக்கில் இறக்கப்பட்டார். அரையிறுதியில் அமெரிக்கா 82-76 என்று தோற்றது, தங்கமும் கிடைத்தது. அந்தப் பதக்கத்துக்காகக் கொடுத்த விலையை அந்தக் கால்கள் கடைசிவரை கட்டிக்கொண்டிருந்தன.

1989ல் ஸ்பெயினுக்குப் போக விட்டார்கள். முதலில் வயதோலித் அணி, பிறகு ரியல் மாட்ரிட். 1995ல் மாட்ரிட்டுக்கு ஐரோப்பியக் கோப்பையை வென்று தந்தார். இறுதிச் சுற்றின் சிறந்த வீரரும் அவரே.

இடையில் 1992, பார்சிலோனா. விடுதலை பெற்ற லித்துவேனியாவிடம் ஒலிம்பிக்குக்கு அணி அனுப்பப் பணம் இல்லை. அணியின் சக வீரர் சருனாஸ் மார்சியுலியோனிஸ் அலைந்து நிதி திரட்டினார். கிரேட்ஃபுல் டெட் என்ற அமெரிக்க இசைக்குழு உதவியது. நம் சுங்குடிபோல முடிச்சுப் போட்டுச் சாயம் ஏற்றிய பனியன்களும் அவர்கள் மூலம் வந்தன. வெண்கலத்துக்கான ஆட்டத்தில் எதிரே நின்றது முன்னாள் சோவியத் நாடுகளின் கூட்டணி. லித்துவேனியா 82-78 என்று வென்றது. மஞ்சள், பச்சை, சிவப்புப் பனியன்களோடு அவர்கள் பதக்க மேடையில் ஏறினார்கள். சியோலின் தங்கத்தைவிட இந்த வெண்கலத்தையே நான் பெரிதாக நினைக்கிறேன்.

நீங்கள் கணக்கெடுத்த சபோனிஸ் இதற்கெல்லாம் பிறகு வந்தவர். 1995ல் அவருடைய எக்ஸ்ரே படங்களைப் பார்த்த மருத்துவர், இவருக்கு மாற்றுத்திறனாளிகளுக்கான கார் நிறுத்துமிடமே கொடுக்கலாம் என்றாராம்; போர்ட்லண்ட் மேலாளர் பாப் விட்சிட் சொன்னது இது. அந்தக் கால்களோடு, ஆட்டத்துக்கு 24 நிமிடத்துக்கும் குறைவாக ஆடி, முதல் பருவத்தில் 14.5 புள்ளிகளும் 8.1 ரீபவுண்டுகளும் எடுத்தார். சிறந்த புதுமுகத்துக்கான வாக்கெடுப்பில் இரண்டாமிடம். வயது 31.

தாவ முடியாதவர் எப்படி ஆடினார்? கூடைக்கு எதிரே சற்றுத் தள்ளியிருக்கும் ஃப்ரீ த்ரோ கோட்டருகே வந்து, கூடைக்கு முதுகைக் காட்டி நிற்பார். பந்து ஒரு கையில், தலைக்கு மேல், ஆரஞ்சுப் பழத்தைப் பிடித்ததுபோல இருக்கும். தடுப்பவரால் அதை எட்ட முடியாது. சக வீரர் ஒருவர் பக்கவாட்டில் ஓடத் தொடங்குவார். சபோனிஸ் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். பந்து தோளுக்குப் பின்னாலிருந்தோ முதுகைச் சுற்றியோ போய், ஓடி வருபவர் கூடையை நெருங்கும் அதே நொடியில் அவர் கையில் இருக்கும். இதை நான் எத்தனை முறை நிறுத்தி நிறுத்திப் பார்த்திருப்பேன் என்று சொல்ல முடியாது. இந்தப் பாஸ் ஒன்றுக்காகவே அவரை ஹால் ஆஃப் ஃபேமில் சேர்த்திருக்கலாம். இதில் நடக்காதது எதுவும் இல்லை, ரா. எல்லாம் நடந்தது; எல்லாவற்றுக்கும் பதிவு இருக்கிறது.

2003ல் போர்ட்லண்டை விட்டு கௌனஸுக்கே திரும்பி, மறுபடி ஜால்கிரிஸ் சட்டையைப் போட்டுக்கொண்டார். அந்தப் பருவத்தில், 39 வயதில், ஐரோப்பிய அணிகளின் போட்டியான யூரோலீக்கின் முதல் சுற்றிலும் அடுத்த சுற்றிலும் சிறந்த வீரராக அவரையே தேர்ந்தெடுத்தார்கள். அந்த ஆட்டங்களையும் 1985ல் அவர் ஆடியவற்றையும் ஒரே நாளில் அடுத்தடுத்துப் பாருங்கள். பார்த்துவிட்டு மறுபடி எழுதுங்கள்.