வரைக்கமுகு விதை ஏன் முளைக்கவில்லை?

கேள்வி: வால்பாறையில் எங்கள் தேயிலைத் தோட்டத்து ஓரச் சோலையில் வரைக்கமுகு என்ற மலைப்பனையை நட ஆசை. தெரிந்தவர் தோட்டத்து மரத்தடியில் பொறுக்கிய விதைகளை வெயிலில் நன்றாகக் காயவைத்து விதைத்தேன். ஒன்றுகூட முளைக்கவில்லை. என்ன தவறு?

பதில்: காயவைத்ததுதான் தவறு. நெல், பயறு போல உலர்த்திச் சேமிக்கும் விதை அல்ல இது. ஈரம் போனால் உயிரும் போய்விடும்.

பழுத்து உதிர்ந்த புதுப்பழமாகப் பார்த்து எடுங்கள். இரண்டு நாள் நீரில் ஊறவிட்டு, பருமணலோடு தேய்த்துச் சதையை முழுக்க நீக்குங்கள். சதை ஒட்டியிருந்தால் பூஞ்சணம் பிடிக்கும். கையுறை போடுங்கள், சில பனையினங்களின் சதை அரிக்கும். நீரில் மிதப்பவை பெரும்பாலும் பொக்கு. மூழ்கியவற்றை அந்த வாரமே விதைத்துவிடுங்கள்.

விதைக்கும் கலவைக்கு ஆற்றுமணல் 2 பங்கு, தென்னை நார்க்கழிவு 1 பங்கு. நார்க்கழிவை நான்கைந்து முறை அலசி உப்பை எடுத்த பிறகே கலக்கவேண்டும். விதையின் பருமன் அளவு ஆழம் போதும். ஈரம் காயக்கூடாது, தேங்கவும் கூடாது. எல்லாம் ஒன்றாக முளைக்காது, மாதக்கணக்கில் ஆகும். முளைத்ததா என்று தோண்டிப் பார்ப்பதுதான் பலர் செய்யும் கெடுதல். முளை விதையை ஒட்டியே எழும், முதல் இலை இரண்டாகப் பிளந்திருக்கும். அது விரிந்ததும் வேர் அறாமல் ஆழமான பைக்கு மாற்றி, நிழல்வலைக்குள் வையுங்கள். தண்டும் வேரும் சேரும் கழுத்துப் பகுதி மண்ணுக்குள் போனால் குருத்து அழுகும்.

ஒன்றைக் கவனியுங்கள். வரைக்கமுகின் பேரினத்துக்கு அறிவியல் பெயர் பெண்டிங்கியா. நர்சரிகளில் அந்தப் பெயரில் விற்பது பெரும்பாலும் நிக்கோபார் தீவு இனம். நம் மலையினம் பெண்டிங்கியா கொண்டபன்னா. கன்றில் வேறுபாடு தெரியாது, தாய்மரம் எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள். சோலையோரத்தில் நிக்கோபார் இனத்தை நடவேண்டாம். மலையினம்தான் வேண்டும் என்பதற்காகப் புலிகள் காப்பகத்துக்குள் போய் விதை பொறுக்கக்கூடாது. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

கன்று தேறியதும் ஜூன் மழையோடு, நீர் வடியும் சரிவில், பாறை இடுக்கில் நடுங்கள். 'வரை' என்றாலே மலை. காட்டில் இது செங்குத்துப் பாறைகளில் மிஞ்சியிருப்பதற்குக் காரணம் உண்டு: குருத்து யானைக்கு மிகப் பிடித்த தீனி. உங்கள் பக்கம் யானை நடமாட்டம் அதிகம், வழித்தடத்தை விட்டுத் தள்ளியே குழி எடுங்கள். முள்ளம்பன்றி கன்றின் அடியைக் கடிக்கும், அதற்குச் சுற்றிலும் கம்பிவலை போதும்.