மேல் முனையில் எத்தனை வோல்ட்? மலையகத்தில் வெளிக் கேபிள் இழுப்போருக்கான கேள்வி பதில்

பள்ளத்தில் லயன் வீடுகள், மேட்டில் சிக்னல். மலையகத்தில் பல இடங்களில் இதுதான் நிலை. அதனால் ரவுட்டரை வீட்டுக்குள்ளும் ஆன்டெனாக் கருவியை மேட்டிலும் வைத்து, இடையில் ஈதர்நெட் கேபிள் இழுத்து, தரவு போகும் அதே கேபிளில் மின்சாரத்தையும் ஏற்றி அனுப்புகிறோம். பிஓஇ என்று சொல்வது இந்த முறையைத்தான். வந்த கேள்விகளில் பெரும்பாலானவை இதைப் பற்றியே இருந்ததால் இந்த முறை இதற்கு மட்டும் பதில் எழுதுகிறேன்.

பொகவந்தலாவையிலிருந்து, நூலகப் பொறுப்பாளர்: ஐயா, எங்கள் நூலகத்திலிருந்து தண்ணீர்த் தாங்கி மேடு வரை கேபிள் 140 மீற்றர் ஓடுகிறது. 24 வோல்ட் அடாப்டர். பகலில் எல்லாம் சரியாக இருக்கிறது. மாலையில் பிள்ளைகள் வந்து அமர்ந்ததும் மேலே உள்ள கருவி அணைந்து அணைந்து எரிகிறது. கூடுதல் அம்பியர் உள்ள அடாப்டர் வாங்கினால் சரியாகும் என்று கடையில் சொல்கிறார்கள். வாங்கலாமா?

வாங்க வேண்டாம். அடாப்டரில் எழுதியிருக்கும் அம்பியர், அதனால் எவ்வளவு கொடுக்க முடியும் என்பதைத்தான் சொல்கிறது. உங்கள் குறை கேபிளுக்குள் இருக்கிறது.

கணக்கைப் பாருங்கள். பிஓஇ முறையில் போவதற்கு இரண்டு கம்பி, திரும்புவதற்கு இரண்டு கம்பி. நல்ல செம்புக் கேபிளில் 100 மீற்றருக்குப் போகவும் வரவும் சேர்த்து ஏறத்தாழ 9 ஓம் தடை. 140 மீற்றருக்கு 12.6 ஓம். மேலே உள்ள கருவி 8 வாட் இழுக்கிறது என்று வைத்துக்கொண்டால், கீழே 24 வோல்ட் கொடுத்தாலும் மேலே சேர்வது 18.6 வோல்ட்தான். கருவி சும்மா இருக்கும்போது குறைவாக இழுக்கும், வோல்ட் தாங்கும். பத்துப் பேர் ஒன்றாகப் பார்க்கத் தொடங்கினால் கூடுதலாக இழுக்கும், வோல்ட் இன்னும் சரியும், கருவி விழுந்து மறுபடி எழும். உங்கள் மாலை நேரத் தொல்லையின் காரணம் இது.

இதே கேபிள் செம்பு பூசிய அலுமினியமாக இருந்தால் நிலைமை இன்னும் மோசம். தடை ஒன்றரை மடங்காகிறது. 24 வோல்ட்டில், 140 மீற்றரில், 8 வாட் அந்த முனைக்குப் போய்ச் சேரவே முடியாது. எந்த அடாப்டர் போட்டாலும் முடியாது.

செய்ய வேண்டியது, 48 வோல்ட்டுக்கு மாறுவது. அதே 8 வாட்டுக்கு மின்னோட்டம் பாதிக்கும் கீழே போய்விடும், இழப்பு இரண்டு வோல்ட்டைச் சுற்றி நின்றுவிடும். ஆனால் உங்கள் கருவி 48 வோல்ட் ஏற்குமா என்று அதன் முதுகில் உள்ள லேபிளைப் பார்த்த பிறகே மாற்றுங்கள். 24 வோல்ட்டுக்கு மட்டும் செய்த கருவியில் 48 கொடுத்தால் அந்த நொடியே கருகிவிடும். தரவுக்கும் ஈதர்நெட் நியமம் தரும் எல்லை 100 மீற்றர்தான் என்பதால், பாதி வழியில் மழை படாத ஒரு பெட்டிக்குள், தரவையும் மின்சாரத்தையும் வாங்கி மேலே கடத்திவிடும் பிஓஇ எக்ஸ்டெண்டர் ஒன்று வைக்க வேண்டும். அதுவும் ஓரிரு வாட் தின்னும், கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

எதையும் வாங்குமுன் மேல் முனையில் வோல்ட்டை அளந்து சொல்லுங்கள். கருவி வேலை செய்துகொண்டிருக்கும்போது அளக்க வேண்டும். சும்மா தொங்கும் கேபிளில் அளந்தால் எப்போதும் 24தான் காட்டும். சில கருவிகள் தமது நிர்வாகப் பக்கத்திலேயே உள்ளே வரும் வோல்ட்டைக் காட்டும், அதைப் பார்த்தாலும் போதும்.

அதே நூலகப் பொறுப்பாளர்: பார்த்தேன் ஐயா. ஆள் இல்லாத காலை வேளையிலேயே 16.8 காட்டுகிறது.

அப்படியானால் இது நீளத்தால் மட்டும் வந்த குறை அல்ல. முழு வேலையிலேயே 18.6 இருக்க வேண்டிய இடம் அது. ஒன்று, கேபிள் அலுமினியம். அல்லது கேபிள் முனையில் உள்ள ஆர்.ஜே.45 பிளக் பச்சை பிடித்திருக்கிறது. முதலில் இரண்டு முனைகளையும் வெட்டிவிட்டுப் புதிதாகப் போடுங்கள். அதற்குப் பிறகும் ஏறவில்லையென்றால் கேபிளை மாற்றுவதைத் தவிர வழியில்லை.

தலவாக்கலையிலிருந்து, உயர்தரத் தொழில்நுட்பப் பிரிவு மாணவன்: அண்ணா, கடையில் எல்லாக் கேபிள் பெட்டியிலும் கேட் 6 என்ற தர வகைதான் எழுதியிருக்கிறது. செம்பா அலுமினியமா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

தம்பி, பெட்டியில் உள்ள எழுத்தை நம்பாமல் கேட்டாயே, அதுவே பாதி வேலை. ஒரு கம்பியைக் கத்தியால் சுரண்டிப் பார். உள்ளே வெள்ளை தெரிந்தால் அலுமினியம். லைட்டர் நெருப்பில் பிடி. அலுமினியம் 660 பாகையில் இளகும், செம்புக்கு 1085 பாகை வேண்டும். மெல்லிய அலுமினியக் கம்பி வளைந்து விழும், செம்பு சிவந்து அப்படியே நிற்கும். கையில் தூக்கினாலும் தெரியும், அலுமினியப் பெட்டி வெறுமையாக இருப்பதுபோல் தூக்கிக்கொண்டு வரும்.

உன்னிடம் மல்டிமீற்றர் இருக்குமே? 305 மீற்றர் முழுப் பெட்டியில் ஒரு சோடியின் இரு கம்பிகளையும் ஒரு முனையில் முறுக்கிவிட்டு மறுமுனையில் தடையை அள. நல்ல செம்பு 57 ஓமைத் தாண்டக்கூடாது. அலுமினியமானால் 80 ஓம் அளவுக்கு ஏறும். பாடத்தில் படிக்கும் ஓமின் விதியை வைத்து உங்கள் பாடசாலைக்கு நல்ல கேபிள் வாங்கிக் கொடுக்கலாம்.

ராகலையிலிருந்து: கேபிள் போதவில்லை. இரண்டு துண்டை முறுக்கி டேப் சுற்றினால் ஓடுமா?

சில நாள் ஓடும். முதல் மழையில் நின்றுவிடும். மழை படாத பெட்டிக்குள் முறையான இணைப்பான் போடுங்கள், அல்லது ஒரே துண்டாக இழுங்கள்.

வட்டவளையிலிருந்து, கடை உரிமையாளர்: மழை பெய்தால் இணையம் போகிறது. இது ஆன்டெனாவில் அல்ல, கடைக்குள் இருக்கும் ரவுட்டரின் துளையில் ஈரம் இருக்கிறது. கூரை ஒழுகவில்லை. தண்ணீர் எங்கிருந்து வருகிறது?

கேபிளுக்குள்ளிருந்து வருகிறது. மேட்டில் எங்கோ உறை வெடித்திருக்கிறது, அல்லது மேல் முனையில் தண்ணீர் இறங்குகிறது. உள்ளே நான்கு சோடிகளுக்கும் இடையில் உள்ள இடைவெளி வழியே சரிவில் இறங்கி, பள்ளத்தில் இருக்கும் உங்கள் ரவுட்டரில் வந்து முடிகிறது. மழைக்குப் பேர்போன வட்டவளையில் இது நடக்காவிட்டால்தான் வியப்பு. ஈரமும் மின்சாரமும் சேர்ந்தால் மின்பகுப்பு நடக்கும். ஆர்.ஜே.45 ஊசிகளைக் கரைத்துப் பச்சையாக்குவது அதுதான்.

வீட்டுக்குள் போடும் சாம்பல் அல்லது நீலக் கேபிளின் பி.வி.சி. உறை வெயிலில் வெடிக்கும். வெளியே போடுவது கறுப்புப் பொலித்தீன் உறையுள்ளதாக இருக்க வேண்டும். உள்ளே பசை நிரப்பிய வகை கிடைத்தால் அதையே வாங்குங்கள், தண்ணீர் ஓட இடமிருக்காது. கருவிக்குள் கேபிள் கீழிருந்து மேலாக நுழைய வேண்டும். நுழையுமுன் ஒரு வளைவு தொங்க விட்டால் தண்ணீர் அந்த வளைவின் அடியில் சொட்டிவிடும். கட்டிடத்துக்குள் வரும் இடத்திலும் அதே வளைவு வேண்டும். சாதாரண இன்சுலேஷன் டேப் ஈரத்தை உள்ளே பிடித்து வைக்கும். இழுத்துச் சுற்றினால் தன்னோடு தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பைப் பயன்படுத்துங்கள்.

ஹப்புத்தளையிலிருந்து, விடுதி நடத்துபவர்: இரண்டு கட்டிடங்களுக்கு இடையே 80 மீற்றர் ஷீல்டட் கேபிள் (உள்ளே உலோக உறை சுற்றியது). இரு முனையிலும் எர்த் கொடுத்திருந்தோம். ஏப்ரல் இடியில் இரு முனையிலும் இருந்த நெட்வொர்க் ஸ்விட்ச்சுகள் போய்விட்டன. மரத்தில்தான் இடி விழுந்தது, கேபிளில் விழவில்லை. பிறகு ஏன்?

இதற்குப் பொறுமையாகப் பதில் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் பகுதியில் கருவிகளைத் தின்பதில் இடியை மிஞ்ச எதுவும் இல்லை.

இடி மரத்தில் இறங்கும்போது அந்த மின்னோட்டம் மண்ணுக்குள் பரவுகிறது. மரத்துக்கு அருகில் உள்ள மண்ணின் மின்னழுத்தம் அந்தக் கணத்தில் மிகவும் உயர்ந்துவிடும், 80 மீற்றர் தள்ளி அவ்வளவு இருக்காது. மலைப் பாறையில் எர்த் கம்பி ஆழமாக இறங்காததால் தடையும் அதிகம். உங்கள் கேபிளின் உலோக உறை அந்த இரண்டு மண்ணையும் இணைத்து, ஆயிரக்கணக்கான வோல்ட் பாயப் பாதை போட்டுக் கொடுத்துவிட்டது. ஒரு முனையில் மட்டும் எர்த் கொடுத்தால் இந்தப் பாய்ச்சல் குறையும். ஆனால் இடி தூண்டும் அழுத்தம் மற்ற முனையில் வெளியேற வழியின்றி நிற்கும்.

ஆகவே தனித்தனி எர்த் உள்ள இரு கட்டிடங்களுக்கு இடையே செம்பே வேண்டாம், ஃபைபர் போடுங்கள். கண்ணாடி இழை மின்சாரத்தைக் கடத்தாது. இரு முனைக்கும் மின் சமிக்ஞையை ஒளியாகவும் ஒளியை மின் சமிக்ஞையாகவும் மாற்றும் ஒவ்வொரு மீடியா கன்வேர்ட்டர், நடுவில் சிங்கிள் மோட் ஃபைபர், அவ்வளவுதான். 80 மீற்றரென்ன, சில கிலோமீற்றரும் போகும். ஒன்றை மட்டும் கவனியுங்கள். தொங்க விடும் ஃபைபர் கேபிள்கள் பலவற்றில் தாங்குவதற்கு இரும்புக் கம்பி ஒன்று கூடவே வரும். அதைக் கட்டிடத்துக்கு வெளியிலேயே வெட்டி நிறுத்துங்கள், இல்லாவிட்டால் செம்பைத் தவிர்த்த பயனே போய்விடும்.

கூரை ஆன்டெனாவுக்குச் செம்பு போட்டே ஆக வேண்டும். அங்கே மேலும் கீழும், திடீரென ஏறும் மின்னழுத்தத்தை எர்த்துக்குத் திருப்பிவிடும் சர்ஜ் ப்ரொடெக்டர் வையுங்கள். இரண்டின் எர்த்தும் கட்டிடத்தின் பிரதான எர்த்தோடு சேர வேண்டும். தனியாக ஒரு கம்பி அடித்து அதில் மட்டும் கொடுத்தால் மேலே சொன்ன கதையே வீட்டுக்குள் நடக்கும். நேரடி இடியை எந்த ப்ரொடெக்டரும் தாங்காது. மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பிற்பகல் இருட்டிக்கொண்டு வந்தால் மின் பிளக்கையும் கேபிளையும் கழற்றி விடுங்கள். சுவரில் உள்ள மின் ஸ்விட்ச்சை அணைப்பது மட்டும் போதாது.

பசறையிலிருந்து, இளைஞர் கழகம்: தேயிலை மலை வழியாகப் போக வேண்டும். புதைப்பதா, தொங்க விடுவதா?

புதையுங்கள், ஆனால் தேயிலை வரிசைக்குள் அல்ல. முள்ளுக் குத்துபவர்களுக்கு, அதாவது முள்ளால் மண்ணைக் கிளறுபவர்களுக்கு, கேபிள் எங்கே இருக்கிறது என்று தெரியாது. செடியின் மேல் போட்டால் கிளை வெட்டும் கவ்வாத்துக் கத்திக்குப் பலியாகும். பாதை ஓரமாக, கானுக்குள் (வடிகாலுக்குள்) விழாமல், கறுப்புத் தண்ணீர்க் குழாய்க்குள் விட்டுப் புதையுங்கள். காட்டுப்பன்றி கிளறும், முள்ளம்பன்றி கடிக்கும், குழாய் இல்லாமல் விட வேண்டாம். சரிவில் மண் மெதுவாக இறங்கும் இடங்களில் இழுத்துக் கட்டாமல் தளர்வாக விடுங்கள். 230 வோல்ட் வயரை அதே குழாயில் போடக் கூடாது, மின்சாரக் கம்பங்களிலும் கட்டக் கூடாது. நிழல் மரங்கள் காற்றில் ஆடும், அவற்றில் இறுக்கிக் கட்டினால் அறுந்துவிடும். தொடங்குமுன் தோட்ட நிர்வாகத்தின் அனுமதியை எழுத்தில் வாங்குங்கள்.

கொட்டகலையிலிருந்து: பிஓஇ, பிஓஇ பிளஸ் என்கிறார்களே, எது வேண்டும்?

2003இல் வந்த பிஓஇ நியமத்தில் நெட்வொர்க் ஸ்விட்ச் 15.4 வாட் கொடுக்கும், 100 மீற்றர் தள்ளி 12.95 வாட் உறுதி. 2009இல் வந்த பிளஸ்ஸில் 30 கொடுத்தால் 25.5 உறுதி. சாதாரண ஆன்டெனாவுக்கு முதலாவதே போதும். சுழலும் கமெராவுக்குப் பெரும்பாலும் பிளஸ் வேண்டும்.

மஸ்கெலியாவிலிருந்து, ஆசிரியை: எங்கள் பாடசாலைக்கு மேலே 400 மீற்றர் தூரத்தில்தான் சிக்னல் இருக்கிறது. அங்கே மின்சாரம் இல்லை. சோலார் போட்டால் மூடுபனிக் காலத்தில் நின்றுவிடும் என்கிறார்கள். ஈதர்நெட் கேபிளுக்கு வழியே இல்லையா?

டீச்சர், 400 மீற்றருக்கு ஈதர்நெட் கேபிளை மறந்துவிடுங்கள். மின்சாரத்தையும் தரவையும் பிரித்து அனுப்புங்கள். தரவுக்கு ஃபைபர். மின்சாரத்துக்கு 2.5 சதுர மில்லிமீற்றர் இருகம்பிச் செம்புக் கேபிள். போகவும் வரவும் சேர்த்து 6 ஓம்தான் தடை. 48 வோல்ட் நேர்மின்னோட்டம் கொடுத்தால் 8 வாட் கருவிக்கு இழப்பு ஒரு வோல்ட் மட்டுமே. கேபிள் விலைதான் கூடுதல். இரு முனையிலும் நேர்மின்னோட்டத்துக்கான சர்ஜ் ப்ரொடெக்டர் வையுங்கள்.

சோலாரையும் தள்ளிவிட வேண்டாம். 8 வாட் என்றால் ஒரு நாளைக்கு 192 வாட் மணி. 12 வோல்ட் 100 அம்பியர் மணி ஈய பட்டரியில் பாதியை மட்டும் எடுத்தால் மூன்று நாள் தாங்கும். பனல் குறைந்தது 150 வாட் வேண்டும், 200 போட்டால் நிம்மதி. பட்டரியைப் பள்ளத்து ஈரத்தில் வைக்காதீர்கள். கேபிள், சோலார் இரண்டுக்கும் விலை எடுத்து அனுப்புங்கள். வாங்குமுன் கருவியின் லேபிளையும் படம் பிடித்து அனுப்பினால் அது எத்தனை வோல்ட் ஏற்கும் என்று பார்த்துச் சொல்கிறேன்.