கம்பெனி கைமாறினால் பணம் யாருக்கு?

கேள்வி: ஹார்பரில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். லண்டன் சந்தையில் உள்ள ஒரு சிறிய வைரச் சுரங்கக் கம்பெனியின் 8,000 ஷேர்கள் வைத்திருக்கிறேன். சராசரி விலை 22 பென்ஸ், இன்று 14. பெரிய கம்பெனி ஒன்று வாங்கப்போகிறது, 30 தருவார்கள் என்று வாட்ஸ்அப் குழுவில் பேச்சு. இன்னும் 8,000 வாங்கி சராசரியை இறக்கட்டுமா?
– வாசகர், தண்டையார்பேட்டை

பதில்: இப்போது வாங்காதீர்கள் ஐயா. சராசரி உங்கள் நோட்டுக் கணக்கு. நீங்கள் 22 கொடுத்தீர்களே என்று பார்த்து யாரும் விலை சொல்ல மாட்டார்கள்.

எவ்வளவு தருவார்கள் என்று குழு பேசுகிறது. யாருக்குத் தருவார்கள் என்று நீங்கள் பாருங்கள். வண்ணாரப்பேட்டை அடகுக்கடையில் இருக்கும் நெக்லஸை ஒருவர் விலைக்குக் கேட்டால், அசலும் வட்டியும் போக மிஞ்சுவதுதானே நகைக்குச் சொந்தக்காரருக்கு? சுரங்கமும் அப்படித்தான். 2019ல் கனடாவின் ஸ்டோர்னோவே திவாலானபோது ரெனார்ட் சுரங்கம் கடன் கொடுத்தவர்கள் கைக்குப் போனது; ஷேர்காரர்களுக்கு ஒன்றுமில்லை. 2021ல் பெட்ரா டயமண்ட்ஸில் கடன் பத்திரக்காரர்கள் 91 சதவீதத்தை எடுத்துக்கொள்ள, பழைய பங்குதாரர்களுக்கு மிஞ்சியது 9. நல்லபடி முடிந்ததும் உண்டு: 2017ல் டொமினியன் டயமண்டுக்கு முதலில் 13.50 டாலர் தருவதாகச் சொன்ன வாஷிங்டன் கம்பெனீஸ், கடைசியில் ஷேருக்கு 14.25 ரொக்கமாகக் கொடுத்தது.

ஆண்டறிக்கையில் கடன் பற்றிய குறிப்பைத் திறங்கள். நிகரக் கடன் (கையிருப்புப் பணம் போக மிஞ்சும் கடன்) எவ்வளவு, எப்போது திருப்பவேண்டும், சுரங்கம் ஈடாக இருக்கிறதா? மொத்த ஷேர்களை 14 பென்ஸால் பெருக்கிய தொகையைவிடக் கடன் பெரிதாக இருந்து, தவணையும் 12 மாதத்துக்குள் வந்தால், வாங்க வருகிறவர் முதலில் பேசப்போவது கடன் கொடுத்தவரிடம்.

அடுத்து, கம்பெனி எங்கே பதிவாகியிருக்கிறது என்று பாருங்கள். பிரிட்டனில் என்றால் அங்குள்ள டேக்ஓவர் கோடு, அதாவது கம்பெனி கைமாறுவதற்கான விதிகள், பொருந்தும். வாங்க நினைப்பவர் பெயர் அறிவிப்பில் வந்துவிட்டால் 28 நாளுக்குள் உறுதியான விலை சொல்லவேண்டும். இல்லையேல் விலகவேண்டும், விலகினால் பொதுவாக 6 மாதம் திரும்ப வரமுடியாது. நிர்வாகக் குழு கேட்டால் கெடு நீளும். ஆனால் பெட்ரா பதிவாகியிருப்பது பெர்முடாவில், ஜெம் டயமண்ட்ஸ் பிரிட்டிஷ் வர்ஜின் தீவுகளில். அப்படிப்பட்ட கம்பெனியில் இந்த 28 நாளை நம்பி உட்காராதீர்கள்.

இப்போது கணக்கு. திரையில் 14 என்றாலும் சின்ன ஷேரில் வாங்க 14.5, விற்க 13.5 என்று இருக்கும். வாங்கிய நிமிடமே ஏறக்குறைய 7 சதவீதம் போச்சு. 20க்கு பேரம் முடிந்தால் லாபம் 5.5. முறிந்து, விற்கப்போகும்போது 8.5 கிடைத்தால் நஷ்டம் 6. நூற்றுக்கு 52 தடவைக்கு மேல் பேரம் முடிந்தால்தான் கை கடிக்காது. அந்த 30 பென்ஸ் யார் போட்ட கணக்கோ! ஆய்வக வைரம் இயற்கை வைரத்தின் விலையை அடித்திருக்கும் காலம் இது. முன்பு விற்ற விலையை வைத்து மதிப்புப் போடாதீர்கள்.

கையில் இருக்கும் 8,000? கடன் குறிப்பு மோசமாக இருந்து, வதந்தியிலேயே விலை ஏறினால் பாதியை அந்த ஏற்றத்தில் விற்றுவிடுங்கள். கடன் சுமை இல்லையென்றால் அறிவிப்பு வரும்வரை வைத்திருக்கலாம்.

இன்னொன்று. பென்ஷன் மட்டும்தானே என்று ஐடிஆர்-1 போட்டு வந்திருந்தால் அது தப்பு. வெளிநாட்டு ஷேர் நஷ்டத்தில் கிடந்தாலும் ஐடிஆர்-2ல் ஷெட்யூல் எஃப்ஏ பகுதியில் காட்டவேண்டும்.