முழங்காலும் சிங்கப்பூரும்

கடிதம்: வணக்கம். அப்பாவுக்கு 71, அம்மாவுக்கு 67. மேற்கு மாம்பலத்தில் சொந்த வீடு. பென்ஷன் போக, முதியோர் சேமிப்புத் திட்டத்தில் 15 லட்சம் இருக்கிறது. வட்டி வந்ததும் அப்பா எஃப்டியில் போட்டுவிடுவார். ஆட்டோவுக்குக்கூடக் காசு எடுக்க மாட்டார். அம்மாவுக்கு சுகர், முழங்கால் தேய்மானம். சிங்கப்பூர் போகலாம் என்றால் வீட்டில் சண்டை. அவரை எப்படிச் செலவழிக்க வைப்பது?
எஸ்.

அன்புள்ள எஸ்.,

இன்று மிச்சம் பிடிக்கும் ரூபாய் 78 வயதிலும் இதே சுகத்தைத் தரும் என்று அப்பா நினைக்கிறார். தராது. பொருளியலாளர் ஏமி ஃபிங்கெல்ஸ்டீனும் வேறு இருவரும் அமெரிக்க முதியோர் தரவுகளை வைத்து 2013இல் வெளியிட்ட ஆய்வில், நாள்பட்ட நோய்களின் எண்ணிக்கை ஒரு திட்டவிலக்கம் (ஆளுக்கு ஆள் வழக்கமாகக் காணும் வித்தியாசத்தின் அளவு) கூடினால், கூடுதலாகச் செலவிடும் பணத்தில் கிடைக்கும் நிறைவு 10 முதல் 25 சதவீதம் குறைகிறது. பல் ஆடும் காலத்தில் முறுக்கு வாங்கிய கதை.

ஆனால் உங்கள் கணக்கும் சரியில்லை. அம்மாவுக்கு முதல் செலவு பாத்ரூமில். உட்கார்ந்து எழ பயப்படுகிறவர் வெளியே கிளம்பத் தயங்குவார், தண்ணீரையே குறைத்துக்கொள்வார். கம்மோடு பக்கத்தில் எஃகுக் கைப்பிடி போடுங்கள். டைல்ஸில் ஒட்டும் ரப்பர் கப் வகை வேண்டாம். ஈரத்தில் பிடி தளர்ந்து, முழு பாரமும் விழும்போது கழன்றுவிடும். செங்கல் வரை துளையிட்டு ஆங்கர் போல்ட்டில் முடுக்க வேண்டும். அம்மாவை உட்காரவைத்து, எழும்போது கை தானாக எங்கே போகிறதோ அங்கே பென்சிலால் குறியுங்கள். டவல் கம்பி கைப்பிடி ஆகாது.

அசலைத் தொடச் சொல்லாதீர்கள். 15 லட்சத்துக்கு ஆண்டு வட்டி 8.2 சதவீதம் என்றால் மூன்று மாதத்துக்கு 30,750 ரூபாய் வரும். அதில் 10,000 அம்மாவின் கணக்குக்குப் போகட்டும்: ஆட்டோ, கச்சேரி, வேலைக்கு ஆள். யாரும் கணக்குக் கேட்கக் கூடாது. மீதி 20,750 மருத்துவத்துக்கென்று தனியாக நிற்கட்டும். அப்பாவின் கஞ்சத்தனத்தில் பாதி ஆஸ்பத்திரி பில் பயம். அது நியாயமான பயம்தான்.

இதெல்லாம் பென்ஷன் வரும் வீட்டுக்கு. முதியோர் உதவித்தொகையில் ஓடும் வீட்டில் 'அனுபவிச்சு வாழுங்க' என்பது கிண்டல். அங்கே மாத்திரைச் செலவு குறைவதே பெரிய சுகம்: பிபி, சுகர் மாத்திரைகளை வீட்டுக்கே இலவசமாகத் தரும் மக்களைத் தேடி மருத்துவம், 2025 பிப்ரவரியில் திறந்த முதல்வர் மருந்தகங்கள்.

சிங்கப்பூருக்கு முன் ஒரு நாள் மாமல்லபுரம் போய் வாருங்கள். எவ்வளவு தூரம் நடந்ததும் அம்மா உட்கார இடம் தேடுகிறார் என்று பாருங்கள். பிறகு டிக்கெட் போடும்போதே வீல்சேர் கேட்டுவிடுங்கள். ஏர்போர்ட்டில் போய்க் கேட்டால் காத்திருக்க நேரும்.